சௌராஸ்தா மேல்மாடியில் பழைய ஸ்பானிஷ் அகராதி: காசு கொடுக்குமுன் புரட்டிப் பார்க்க வேண்டிய சொற்கள்

பினாங்கு சாலையிலுள்ள சௌராஸ்தா சந்தையில் கீழே ஜெருக் என்ற ஊறவைத்த பழங்களும் ஜாதிக்காயும், மேலே பழைய புத்தகமும் விற்கிறார்கள். அந்த மேல்மாடிக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் ஸ்பானிஷ்–ஆங்கில அகராதி அகப்படும். பள்ளி நூல்களுக்கும் பழைய நாவல்களுக்கும் நடுவே செருகியிருக்கும். மூன்று அளவுகளில் கிடைக்கிறது: சட்டைப்பையில் அடங்கும் உள்ளங்கை அளவு, செங்கல் பருமனில் காகித அட்டை போட்ட நடுத்தரம், ஒரு கையால் தூக்க முடியாத கெட்டி அட்டைப் பெரியது. ஸ்பானிஷ் கற்கத் தொடங்குபவர் வாங்க வேண்டியது நடுத்தரம்தான். ஆனால் எல்லா நடுத்தரமும் தேறாது.

அட்டையில் இத்தனை ஆயிரம் சொற்கள் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுபவை அரிய சொற்கள். பேச்சிலும் செய்தியிலும் திரும்பத் திரும்ப வருபவையோ சில நூறு சாதாரணச் சொற்கள். அவற்றில் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் மூன்று நான்கு பொருள் உண்டு. எந்தப் பொருள் எந்த இடத்தில் என்று பிரித்துக் காட்டுகிறதா என்பதை வைத்துத்தான் அகராதியை எடைபோட வேண்டும். கடையில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் இதைச் சோதித்துவிடலாம்.

முதலில் எஸ்பெரார். ஆங்கிலத்தின் 'வெயிட்', 'ஹோப்', 'எக்ஸ்பெக்ட்' மூன்றும் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். உள்ளங்கை அகராதி மூன்றையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் கொட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். அதை வைத்து ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக அமைக்க முடியாது. ஆளுக்காகக் காத்திருப்பதைச் சொல்லும்போது ஆளுக்கு முன்னால் 'ஆ' என்ற சிறு சொல் வர வேண்டும்: எஸ்பெரோ ஆ மி எர்மானா, என் தங்கைக்காகக் காத்திருக்கிறேன். பின்னால் 'கே' வந்து அடுத்த வினை உருமாறி நின்றால் ஆசை: எஸ்பெரோ கே வெங்கா, அவர் வந்தால் நல்லது. குழந்தையைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தால், முழுகாமல் இருக்கிறாள் என்று பொருள். நல்ல அகராதி இந்த மூன்றையும் எண் போட்டுத் தனித்தனியே வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வாக்கியமாவது கொடுக்கும். அது இல்லாவிட்டால் ஆங்கிலத்தின் 'வெயிட் ஃபார்' பழக்கத்தில் 'போர்' என்ற சொல்லைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவோம். இந்தப் பிழை மிகச் சாதாரணமாக நடக்கிறது.

அடுத்து யெவார். எழுத்துக்கூட்டலில் முதலில் இரட்டை எல், நடுவில் வி. எடுத்துக்கொண்டு போவது, உடுத்தியிருப்பது, மூக்குக்கண்ணாடி போட்டிருப்பது, ஒரு இடத்தில் இத்தனை காலமாக இருப்பது எல்லாம் இதற்குள் வரும். 'யெவோ தோஸ் ஆன்யோஸ் அகீ' என்றால் இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. இதை 'நான் இரண்டு வருடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறேன்' என்று மொழிபெயர்த்துத் திகைக்காமல் இருக்க, காலப் பொருளை அகராதி தனியாகக் காட்டியிருக்க வேண்டும். நம்மவர்களுக்கு, அதிலும் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு, மிகவும் உதவும் பொருள் ஒன்றும் இதில் உண்டு: உணவில் ஏதேனும் சேர்ந்திருப்பது. 'எஸ்தோ யெவா கார்னே?' என்று கேட்டால், இதில் இறைச்சி இருக்கிறதா என்று பொருள். கார்னே இருக்கும் இடத்தில் முட்டைக்கு உவேவோ என்று மாற்றிக்கொள்ளலாம். நடுத்தர அகராதிகளிலேயே சில இந்தப் பொருளை விட்டுவிடுகின்றன. பொட்டலம் கட்டச் சொல்ல, நாம் தாப்பாவ் என்கிற இடத்தில், அவர்கள் 'பாரா யெவார்' என்பார்கள். அதுவும் துணைப்பதிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இதன் எதிர்ச்சொல் த்ராயேர். இங்கே தமிழ் தெரிந்தவருக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிட வேலை எளிது. யெவார் கொண்டு போவது, த்ராயேர் கொண்டு வருவது. தமிழில் இந்தக் கோடு கறாரானது, ஆங்கிலத்தில் 'பிரிங்' பல நேரம் இரண்டு பக்கமும் போய் வரும்.

யெவாரைத் தேடி எல் எழுத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காணோம் என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். பழைய பதிப்புகளில் சி-எச் ஒரு தனி எழுத்து, எல்-எல் இன்னொரு தனி எழுத்து. எல் பகுதி முழுக்க முடிந்த பிறகே இரட்டை எல் தொடங்கும். சி முடிந்த பிறகே சி-எச். சொல்லின் நடுவிலும் இதே கணக்குதான். எச்சார் என்ற வினை ஈக்வடார் நாட்டைக் குறிக்கும் எக்குவதோருக்கும் பின்னால் போய்க் கிடக்கும், இரவைக் குறிக்கும் நோச்சே நொக்துர்னோவுக்குப் பின்னால். ஸ்பானிஷ் அகாதெமிகளின் சங்கம் 1994-ல் கூடி, இனிமேல் இவற்றைச் சாதாரண சி, எல் வரிசைக்குள்ளேயே அடுக்குவது என்று முடிவெடுத்தது. 2010-ல் வந்த எழுத்திலக்கணம் இரண்டையும் எழுத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட, 27 எழுத்து மிஞ்சியது. ஆகவே எல்-எல்லுக்குத் தனிப் பகுதி இருந்தால் புத்தகம் பழைய முறையில் அடுக்கியது என்று உடனே தெரிந்துவிடும். பதிப்பு ஆண்டு உள்ள பக்கம் கிழிந்துபோன பிரதிகளுக்கு இது நல்ல அடையாளம். அதற்காகப் பழையதை ஒதுக்க வேண்டியதில்லை. எஸ்பெராரும் யெவாரும் முப்பது வருடத்தில் பொருள் மாறிவிடவில்லை. கைபேசி, கணினி, இணையம் சார்ந்த சொற்கள்தான் இருக்காது. அலைக்கோடு போட்ட 'என்' (ñ) எழுத்து எல்லாப் பதிப்பிலும் சாதாரண 'என்'னுக்குப் (n) பின்னால்தான் வரும். அதனால் காலை, நாளை இரண்டையும் குறிக்கும் மான்யானா, ஆப்பிளைக் குறிக்கும் மன்சானாவைத் தாண்டித்தான் இருக்கும்.

கெதார் என்ற சொல்தான் உண்மையான வடிகட்டி. கியூ எழுத்தில் பாருங்கள். மிச்சமிருப்பது, ஓரிடத்தில் அமைந்திருப்பது, சந்திக்கப் பேசி வைத்துக்கொள்வது, உடை பொருந்துவது என்று நான்கு பொருளாவது இருக்க வேண்டும். 'கெதான் தோஸ்' என்றால் இன்னும் இரண்டு இருக்கிறது. 'தோந்தே கெதா எல் பான்யோ?' என்றால் கழிவறை எந்தப் பக்கம். 'கெதாமோஸ் ஆ லாஸ் ஓச்சோ' என்றால் எட்டு மணிக்குச் சந்திப்போம். 'தே கெதா பியென்' என்றால் உனக்கு எடுப்பாக இருக்கிறது. இதோடு 'சே' ஒட்டி கெதார்சே ஆகும்போது தங்கிவிடுவது, 'கோன்' சேர்ந்தால் தனக்கென்று வைத்துக்கொள்வது. கெதாருக்கு இரண்டே வரி ஒதுக்கியிருக்கும் அகராதியைத் திருப்பி அடுக்கில் வைத்துவிடலாம், மற்ற சோதனை எதுவும் தேவையில்லை. உள்ளங்கை அளவில் இந்தச் சொல்லில் தேறும் புத்தகம் அபூர்வம். அதில் இடமே கிடையாது.

எச்சாரில் பார்க்க வேண்டியது தொடர்கள். எறிவது, உப்புப் போடுவது, வேலையிலிருந்து துரத்துவது வரை தனிச்சொல்லே பார்த்துக்கொள்ளும். ஆனால் 'எச்சார் தே மேனோஸ்' என்றால் ஒருவர் இல்லாத குறையை உணர்ந்து ஏங்குவது. சொல் சொல்லாகப் பிரித்துக் கூட்டினால் இந்தப் பொருள் கிடைக்கவே கிடைக்காது. தடித்த எழுத்தில் தனியாகக் காட்டியிருந்தால் கண்ணில் படும். பத்திக்குள் புதைத்திருந்தால் அவசரத்துக்கு உதவாது.

செர், எஸ்தார் என்ற இரண்டையும் ஆங்கிலம் 'டு பி' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. இதைச் சோதிக்க அந்த வினைகளின் பதிவைப் படிப்பது வீண், பெயரடைகளைப் பாருங்கள். லிஸ்தோ என்பது செர் உடன் வந்தால் கெட்டிக்காரர், எஸ்தார் உடன் வந்தால் தயாராக இருப்பவர். ரிக்கோ முன்னதோடு பணக்காரர், பின்னதோடு சாப்பாடு ருசி. வெர்தே முன்னதோடு பச்சை நிறம், பின்னதோடு இன்னும் பழுக்காத காய். மாலோ முன்னதோடு கெட்டது, பின்னதோடு உடம்பு சரியில்லாதது அல்லது ஊசிப்போனது. நிலையான குணம், தற்காலிக நிலை என்று வகுப்புகளில் சொல்லித்தரும் பிரிவினை பாதி தூரம்தான் வரும். செத்துப்போவதைவிட நிரந்தரம் எது? அதற்கும் எஸ்தார்தான். பெயரடைக்குப் பக்கத்தில் எந்த வினையோடு என்ன பொருள் என்று குறித்திருக்கும் அகராதி அந்த விதியைவிட அதிகம் கற்றுத்தரும்.

குஸ்தார் பதிவில் 'லைக்' என்று மட்டும் போட்டிருந்தால் ஆங்கிலவழிக் கற்பவர் தடுமாறுவார். தமிழருக்கு அந்தத் தொல்லை இல்லை. 'மே குஸ்தா எல் தே' என்பது எனக்குத் தேநீர் பிடிக்கும் என்பதன் அச்சு அசல் அமைப்பு. 'மே துவேலே லா காபேசா' எனக்குத் தலை வலிக்கிறது. ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாமல் நேரே தமிழிலிருந்து போங்கள். பிடித்த பொருள் பன்மையானால் குஸ்தா குஸ்தான் ஆகும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தூ, உஸ்தெத் இரண்டும் கிட்டத்தட்ட நீ, நீங்கள். உறவுமுறையில் மட்டும் அவர்கள் கஞ்சம்: மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் தியோ ஒன்றே. ஸ்பெயினில் தெருவில் போகிறவனுக்கும் அதே சொல்தான்.

இதுவரை ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலம். மறுபாதியைப் பலர் புரட்டிப் பார்ப்பதே இல்லை. 'டைம்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுங்கள். பொதுவான காலம் தியெம்போ, கடிகார மணி ஓரா, தடவை என்ற பொருளில் வேஸ். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எந்தப் பொருளுக்கு எது என்று ஒரு குறிப்பு இருக்க வேண்டும். வெறும் தியெம்போ மட்டும் இருந்தால், மணி கேட்கப்போய் வானிலையைக் கேட்டு நிற்க நேரும், ஏனென்றால் தியெம்போவுக்கு வானிலை என்றும் பொருள் உண்டு. கால்பந்து வர்ணனையில் ஆட்டத்தின் பாதிக்கும் அதே சொல்தான்.

அந்தக் குறிப்புகள் எந்த மொழியில் இருக்கின்றன என்பதுதான் அதைவிட முக்கியம். ஆங்கிலம்–ஸ்பானிஷ் பாதியிலும் குறிப்புகள் ஸ்பானிஷிலேயே இருந்தால், அந்தப் புத்தகம் ஸ்பானிஷ்காரர் ஆங்கிலம் கற்பதற்காகச் செய்தது. ஆங்கிலத் தலைச்சொற்களுக்கு மட்டும் உச்சரிப்புக் குறி போட்டிருப்பதும் பெரும்பாலும் அதே ரகம். மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, வீட்டுக்கு வந்து பயன்படுத்தும்போதுதான் உறைக்கும்.

'கார்னர்' என்ற சொல்லிலும் பார்க்கலாம். தெருமுனை எஸ்கினா, அறையின் உள்மூலை ரின்கோன். நாம் முனை, மூலை என்று பிரிப்பதைப் போலவேதான். 'ஃபிஷ்' என்றால் நீந்துவது பேஸ், பிடித்து விற்பனைக்கு வந்தது பெஸ்காதோ. 'ஆஸ்க்' மட்டும் தமிழும் கைகொடுக்காத இடம். கேள்வி கேட்பது ப்ரெகுந்தார், பொருளோ உதவியோ கேட்பது பெதிர். நாம் இரண்டுக்கும் கேள் என்றே சொல்கிறோம்.

ஆண்பால் பெண்பாலை மாற்றினால் பொருள் மாறும் சொற்களையும் ஒன்றிரண்டு பாருங்கள். எல் குரா பாதிரியார், லா குரா சிகிச்சை. எல் ஓர்தென் ஒழுங்கு, லா ஓர்தென் கட்டளை. எல் ஃப்ரெந்தே முன்னணி, லா ஃப்ரெந்தே நெற்றி. பால்குறியோடு தனித்தனி எண்ணில் இருந்தால் சரி.

நாட்டுக்கு நாடு மாறும் சொற்களுக்கு நாட்டுக் குறிப்பு கட்டாயம் வேண்டும். தோர்த்தியா ஸ்பெயினில் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த ஆம்லெட், மெக்சிகோவில் சோள ரொட்டி. குவாகுவா கியூபாவில் பேருந்து, சிலியில் கைக்குழந்தை. கொஹேர் ஸ்பெயினில் பேருந்தைப் பிடிப்பதற்கும் பொருளை எடுப்பதற்கும் சர்வ சாதாரணமாகப் புழங்கும், மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது ஆபாசச் சொல். இந்த எச்சரிக்கையைப் போடாத அகராதியை நம்பி லத்தீன் அமெரிக்கர்களோடு பேச்சுக் கொடுக்காதீர்கள். பிரிட்டனில் அச்சான அகராதி பொதுவாக ஸ்பெயின் பக்கம் சாய்ந்திருக்கும், அமெரிக்காவில் அச்சானது மெக்சிகோ பக்கம். யாரோடு பேசப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள்.

மலேசியருக்கென்றே வைத்த பொறி மந்தேக்கா. மலாய் மொழியின் மெந்தேகா போர்த்துகீசியரிடமிருந்து வந்தது, அது வெண்ணெய். அதே குடும்பத்து ஸ்பானிஷ் சொல்லான மந்தேக்கா ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு. வெண்ணெய்க்கு அங்கே மந்தேக்கியா. அர்ஜென்டினாவிலோ மந்தேக்கா என்றாலே வெண்ணெய். பிஸ்கட் பொட்டலத்தில் மந்தேக்கா என்று அச்சிட்டிருந்தால் எந்த நாட்டுச் சரக்கு என்று பார்த்துவிட்டு வாயில் வையுங்கள். முஸ்லிம் நண்பர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம். அகராதியில் இந்தச் சொல்லுக்கு 'லார்ட்' முதலிலும் 'பட்டர்' நாட்டுக் குறிப்போடும் இருந்தால் அதைத் தொகுத்தவர்கள் வேலை தெரிந்தவர்கள்.

வினை உருவங்களுக்கு ஒரே ஒரு சோதனை போதும்: எஃப் எழுத்தில் ஃபுயி. போனேன், இருந்தேன் இரண்டுக்கும் அது ஒன்றே. இர், செர் என்ற இரண்டு வினைகளும் இறந்தகாலத்தில் ஒரே உருவம் கொள்கின்றன. 'இர், செர் பார்க்க' என்று ஒரு வரி இருந்தால் அந்த அகராதி தொடக்க நிலையினரை நினைத்துச் செய்தது. இல்லாவிட்டால் குறைந்தபட்சம் ஒழுங்கற்ற வினைகளின் அட்டவணையாவது முழுதாக இருக்க வேண்டும். அது புத்தகத்தின் நடுவிலோ கடைசியிலோ இருக்கும். பழைய பிரதிகளில் முதலில் கழன்றுபோவதும் அதுதான்.

இனி உடல்நிலை. பக்க எண்களைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதைவிட, முதுகை மேலிருந்து பாருங்கள். காகித அட்டைப் புத்தகத்தில் பசை காய்ந்து முறிந்திருந்தால் அங்கே ஒரு பிளவு தெரியும், அந்த இடத்தில்தான் பக்கங்கள் கொத்தாக உதிரும். நடுவில் விரித்து அழுத்திச் சோதிக்காதீர்கள், கடைக்காரர் கோபிப்பதும் நியாயமே. நம் ஊர் ஈரத்தில் மெல்லிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு தாள் ஒட்டிப் பிரிக்க வராமல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. நகலெடுத்துக் கட்டிய மலிவுப் பிரதிகளையும் தொடாதீர்கள். அச்சு மங்கினால் முதலில் அழிவது எழுத்தின் மேலுள்ள குறிகள். ஆண்டைக் குறிக்கும் ஆன்யோவின் அலைக்கோடு அழிந்தால் ஆனோ, அதாவது ஆசனவாய். இத்தனை ஆண்டு வயது என்று சொல்லப்போய் வேறெதையோ எண்ணிச் சொல்வீர்கள். பாபா என்பதில் கடைசி எழுத்தின் மேல் சாய்கோடு இருந்தால் அப்பா, இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு.

கைபேசி இருக்க இது எதற்கு என்பவர்களுக்கு: முழு வாக்கியத்தை மொழிபெயர்க்கக் கைபேசி போதும். கெதார் போன்ற சொல்லைத் தனியாகப் போட்டால் அது ஏதோ ஒரு பொருளை முன்னால் தள்ளும், மற்றவை எங்கேயோ கீழே. 1713-ல் தொடங்கிய ஸ்பெயின் அரச அகாதெமியின் அகராதி இணையத்தில் இலவசம்தான், ஆனால் விளக்கமும் ஸ்பானிஷிலேயே இருப்பதால் தொடக்க நிலையில் பயன் குறைவு.

விலை விஷயத்தில், உள்ளங்கை அளவுக்கு 5 வெள்ளிக்கு மேல் கொடுக்காதீர்கள். நடுத்தரம் மேற்சொன்ன சொற்களில் தேறினால் 20 வெள்ளி வரை கொடுக்கலாம், வினை அட்டவணை இல்லாவிட்டால் பாதியாகக் கேளுங்கள். பெரியது மொழிபெயர்ப்பு வேலை செய்பவருக்கு மட்டும். மற்றவர் வீட்டில் அது அலமாரியை விட்டு இறங்காது. வாங்கியதை நேரே மற்ற புத்தகங்களோடு வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடி ஒரு வாரம் ஃபிரீசரில் போடுங்கள், உள்ளே இருக்கும் பூச்சி செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்க வேண்டாம். புத்தகம் அறை வெப்பத்துக்கு வரும்வரை, குறைந்தது ஒரு இரவு, அப்படியே விடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்து, ஒட்டாமல் இருந்த பக்கங்களும் ஒட்டிக்கொள்ளும்.